நகர நிலப் பயன்பாட்டுத் திட்டம் எப்படி வேலை செய்கிறது? எங்கள் மனை மஞ்சள் மண்டலத்தில் இருக்கிறது, மூன்று மாடி கட்டலாமா?

மஞ்சள் என்பதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கட்டட வரைபடம் போட்டு அனுமதிக்கு அனுப்புவதுதான் என் தொழில். வரைபடத்தில் நிறத்தைப் பார்த்த கையோடு மாடிக் கணக்கு போட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

திட்டத்தில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று வரைபடம். ஊரைக் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை, திறந்தவெளி என்று மண்டலங்களாகப் பிரித்துக் காட்டும். மஞ்சள் பெரும்பாலும் குடியிருப்பு. இன்னொன்று விதித் தொகுப்பு. யாரும் புரட்டாத இதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

உதாரணத்துக்கு 10 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம், ஆக 200 சதுர மீட்டர் மனை. தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ, 1.5 என்றால் எல்லாத் தளமும் சேர்த்து 300 சதுர மீட்டர் வரை கட்டலாம். ஆனால் முன்னும் பின்னும் 3 மீட்டர், இரு பக்கமும் ஒன்றரை மீட்டர் காலியாக விடச் சொன்னால், கட்ட மிஞ்சுவது 7-க்கு 14, அதாவது தளத்துக்கு 98 சதுர மீட்டர். உயர வரம்பு 9 மீட்டர் என்றால் தரைத்தளமும் இரண்டு மாடியும்தான், மொத்தம் 294. நாளைக்கே குறியீட்டை 2 ஆக்கி 400 தருகிறோம் என்று அறிவித்தாலும், உயரத்தையும் இடைவெளியையும் தொடாவிட்டால் உங்களுக்கு அதே 294தான். இதில் தரைத்தளத்தைக் கார் நிறுத்த ஒதுக்கச் சொன்னால் குடியிருக்க இரண்டே தளம். எண்கள் ஊருக்கு ஊர் மாறும், கணக்கு போடும் முறை இதேதான்.

இதற்கும் மேல் தனிக் கட்டுப்பாடு உள்ள பகுதிகளும் கோடுகளும் இருக்கலாம்: வெள்ளப் பகுதி, விமான நிலையச் சுற்றுப்பகுதி, பாரம்பரியக் கட்டடப் பகுதி, எதிர்காலச் சாலை விரிவாக்கக் கோடு. மனை முழுக்க மஞ்சளாக இருந்தாலும், அந்தக் கோடு உள்ளே ஓடினால் முன்பக்கம் போயிற்று.

இன்னொரு தவறான நினைப்பு, பூங்கா என்று பச்சை அடித்துவிட்டால் பூங்கா வந்துவிடும் என்பது. திட்டம் எதையும் கட்டாது. கூடாததைத் தடுக்கும், அவ்வளவுதான். நிலத்தை எடுக்கவும் கட்டவும் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். ஏற்கெனவே சட்டப்படி நடக்கும் பட்டறையைக்கூட, மண்டலம் மாறிய மறுநாளே மூடச் சொல்வது அரிது. பெரும்பாலும் விரிவாக்கத்தைத்தான் தடுப்பார்கள்.

இந்தக் கெடுபிடிக்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. 1915-ல் நியூயார்க்கில் எக்விடபிள் கட்டடம் தெருவோரத்திலிருந்தே செங்குத்தாக எழும்பி அக்கம்பக்கத்தை நிழலில் தள்ளியது. அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1916-ல் அங்கே மண்டல விதிகள் வந்தன. ஆனால் பிற்பாடு அமெரிக்க நகரங்கள் பலவற்றில் தனி வீடு தவிர வேறெதுவும் கூடாது என்று குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதியைப் பூட்டிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது ஜப்பான் முறை. மண்டல வகைகளை நாட்டுச் சட்டமே வகுக்கிறது, மொத்தம் 13. தொழிற்சாலைக்கே ஒதுக்கிய ஒரு வகையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வீடு கட்டலாம். மிகக் கண்டிப்பான குடியிருப்பு மண்டலத்தில்கூட வீட்டோடு சேர்ந்த சின்னக் கடைக்கு இடமுண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016-ல் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்குக்குக் கூடுதல் வீடுகள் கட்ட வழிவிட்டது.

மாற்ற முடியுமா என்றால் முடியும். ஒரு மனைக்கு மட்டும் விதிவிலக்கு கேட்கலாம், மண்டலத்தையே மாற்றக் கோரலாம். இரண்டுமே இழுத்தடிக்கும், பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபித்தால் இன்னும் இழுக்கும். சுலபமான நேரம் வரைவுத் திட்டம் வெளியாகி மக்களிடம் கருத்துக் கேட்கும் காலம்தான். அப்போது ஒரு மனுவே போதும். திட்டம் இறுதியானபிறகு அதே கோரிக்கைக்கு வக்கீல் தேவைப்படலாம்.

ஆகவே முதலில் உங்கள் கையில் இருப்பது வரைவா, இறுதியா என்று பாருங்கள். பிறகு சர்வே எண்ணைக் கொடுத்து மண்டலச் சான்று, சாலைக் கோடு, பொருந்தும் விதிப் பக்கம் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். கவுன்டரில் வாயால் சொல்வதை நம்பி அஸ்திவாரம் தோண்ட வேண்டாம்.