ஒன்ராறியோவில் பிளம்பர் உரிமம்: கையெழுத்தில்லாத மணித்தியாலம் கணக்கில் வராது

கேள்வி: ஊரிலும் வளைகுடாவிலும் பத்து வருடம் பிளம்பிங் வேலை செய்திருக்கிறேன். இப்போது ரொறன்ரோவில் ஒருவரிடம் கையில் காசுக்கு வேலை. வயது 38. ஜேர்னிமேன் (பயிற்சி முடித்துத் தகுதி பெற்ற தொழிலாளி) உரிமம் எடுக்க முடியுமா? எவ்வளவு காலம் ஆகும்?

முடியும். ஆனால் உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது "கையில் காசுக்கு வேலை" என்பதுதான். "கொஞ்சம் பொறுங்கள், அடுத்த மாதம் பதிவு செய்துவிடலாம்" என்று உங்கள் முதலாளி சொல்லியிருப்பார். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

நான் 2011இல் வந்தேன். யாழ்ப்பாணத்தில் மாமாவோடு குழாய் வேலை பழகியவன், பிறகு கத்தாரில் ஆறு வருடம். வந்த மூன்றாம் வாரமே ஸ்காபரோவில் ஒரு ஒப்பந்தகாரரிடம் சேர்ந்தேன். பேஸ்மென்ட் குளியலறைகள், சமையலறைகள் என்று இரண்டரை வருடம் உழைத்தேன். காலை ஏழு மணிக்குப் போனால் இரவு எட்டாகும். ஒருநாள் என் பயிலுநர் பதிவு இலக்கத்தைக் கேட்டேன். அப்படி ஒன்று இருக்கவே இல்லை. இரண்டரை வருட உழைப்பில் ஒரு மணித்தியாலம்கூட எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது மனைவியிடம் எப்படிச் சொல்வது என்ற யோசனையில் இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தவறவிட்டேன்.

நம்மவரை நம்மவரே குறை சொல்வதா என்று சிலர் கோபப்படலாம். ஒழுங்காகப் பதிவு செய்து ஆளாக்கிவிட்ட தமிழ் முதலாளிகளையும் எனக்குத் தெரியும். நான் சொல்வது எனக்கு நடந்ததை.

ஒன்ராறியோவில் பிளம்பர் என்பது கட்டாயச் சான்றிதழ் வேண்டிய தொழில், இலக்கம் 306ஏ. சான்றிதழ் உள்ளவரோ பதிவு செய்த பயிலுநரோதான் இந்த வேலையைச் செய்யலாம். பயிற்சி மொத்தம் 9,000 மணித்தியாலம். அதில் 720 வகுப்பறையில், எட்டு வாரம் வீதம் மூன்று கட்டமாக. மீதி 8,280 வேலைத்தலத்தில். ஒவ்வொரு திறனையும் சான்றிதழ் பெற்ற ஒருவர் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அந்தப் பதிவேடுதான் உங்கள் சொத்து.

"வெளிநாட்டு அனுபவத்தைக் காட்டி நேரே பரீட்சை எழுதலாமே" என்று யாராவது கீழே எழுதுவார்கள். உண்மைதான். தொழில் சமநிலை மதிப்பீடு என்று ஒரு வழி இருக்கிறது. அதற்கு முன்னைய முதலாளிகளிடமிருந்து என்னென்ன வேலை, எத்தனை காலம் என்று விவரமான கடிதங்கள் வேண்டும். என் கத்தார் நிறுவனம் மூடிப்போயிருந்தது. மாமாவும் காலமாகிவிட்டார். யாரிடம் கடிதம் கேட்பது? உங்களுக்குக் கடிதம் கிடைக்குமென்றால் இன்றே கேட்டு வாங்குங்கள்.

2014இல் வேறொரு நிறுவனத்தில் புதிய பயிலுநராகத் தொடங்கினேன். ஒரு போர்த்துக்கீசப் பெரியவரின் கீழ் வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் வானுக்குள் உட்கார்ந்து, அந்த வாரம் நான் செய்ததை ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பதிவேட்டில் கையெழுத்து வைப்பார். சந்தேகமிருந்தால் திங்கட்கிழமை மறுபடி செய்யச் சொல்வார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அந்தக் கையெழுத்துகள்தான்.

2019இல் சான்றிதழ்ப் பரீட்சையை முதல் முறை எழுதியபோது 66 வாங்கினேன். தேற 70 வேண்டும். கேள்விகளை வெளியே சொல்லக்கூடாது. விழுந்த பகுதியை மட்டும் சொல்கிறேன்: வென்ட், அதாவது கழிவுக் குழாய்க்குள் காற்று விடும் குழாய். ஊரில் எங்கள் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் வாழைப்பாத்திக்குப் போகும். கழிவுநீர்க் குழாய்க்குக் காற்று தேவை என்ற எண்ணமே என் கையில் இல்லை. சரிவு கூடினால் தண்ணீர் நன்றாக ஓடும் என்று நம்பியிருந்தேன். இங்கே சட்டம் வேறு விதமாக யோசிக்கிறது. மூன்று அங்குலமும் அதற்குக் குறைந்ததுமான கழிவுக் குழாய்க்கு 50க்கு 1 சரிவு குறையாமல் வேண்டும். ஆனால் ட்ராப்பிலிருந்து (வாயுவை மறிக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) வென்ட் வரை போகும் துண்டு, குழாயின் உள்விட்டத்தை விடக் கூடுதலாக இறங்கக்கூடாது. ஒன்றரை அங்குலக் குழாயென்றால் ஏறக்குறைய ஆறடிக்குள் வென்ட் வந்துவிட வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் ஓடும் தண்ணீர், ட்ராப்பில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போய்விடும். பிறகு சாக்கடை வாயு நேரே வீட்டுக்குள் வரும். இதைப் புரிந்துகொண்ட இரவு, அந்த இரண்டரை வருடத்தில் நான் போட்ட பேஸ்மென்ட் குழாய்கள் கண்முன் வந்து தூக்கம் வரவில்லை.

ஆகவே பத்து வருட அனுபவத்தை நம்பிப் பரீட்சைக்குப் போகாதீர்கள். ஒன்ராறியோ கட்டடச் சட்டத்தின் ஏழாம் பகுதியைப் பாடமாகப் படியுங்கள். இரண்டாம் முறை நான் 81 எடுத்தேன். சிவப்பு முத்திரையும் கிடைத்ததால் மற்ற மாகாணங்களிலும் செல்லுபடியாகும்.

இதைக் கேட்கப்படாமலே சொல்கிறேன். எங்கள் ஊர்ச் சங்கம் ஒவ்வொரு வருடமும் சாதனையாளர் கௌரவம் செய்கிறது. மருத்துவர், சட்டத்தரணி, வீடு விற்பனை முகவர் எல்லோருக்கும் பொன்னாடை. எட்டு வருடம் சந்தா கட்டியிருக்கிறேன். ஒரு பிளம்பரையோ மின்வேலைக்காரரையோ வெல்டரையோ அந்த மேடையில் கண்டதில்லை. மண்டபத்துக் கழிவறை அடைத்துக்கொண்ட வருடம் மட்டும் என்னைத் தேடி வந்தார்கள். நான் பொன்னாடை கேட்கவில்லை. என் மகளுக்குத் தகப்பனின் தொழிலை யாரிடமும் தயங்காமல் சொல்லத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது பதிவும் சான்றிதழும் ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ என்ற அமைப்பிடம் இருக்கின்றன. 2022இல் அது பழைய காலேஜ் ஆஃப் ட்ரேட்ஸின் இடத்துக்கு வந்தது. உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள், முதலாளியின் வாய்ச்சொல்லை எடுக்க வேண்டாம். பதிவு இல்லையென்றால், பதிவு செய்யச் சம்மதிக்கும் வேறொருவரைத் தேடுங்கள். சம்பளம் முதலில் குறையத்தான் செய்யும். தொழிற்சங்க வழியில் போக விரும்பினால் ரொறன்ரோவில் யுஏ லோக்கல் 46 இருக்கிறது. வகுப்பறை வாரங்களில் வேலைக் காப்புறுதிக்கு விண்ணப்பிக்கலாம், நான் மூன்று முறையும் எடுத்தேன்.

பயிலுநராகப் போனால் ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகும். வயதைச் சொல்லியிருந்தீர்கள். நான் பதிவு செய்தபோது எனக்கும் 38தான். சான்றிதழ் கையில் வந்தபோது 43.