இன்டிவிஜுவல் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

மனநலம் பத்தின ஒரு சின்ன கையேட்ட இங்கிலீஷ்லேர்ந்து தமிழுக்கு மொழிபெயர்த்துட்டு இருக்கேன். அதுல இன்டிவிஜுவல், இன்டிவிஜுவாலிட்டின்னு பக்கத்துக்குப் பக்கம் வருது. தனிமனிதர், தனித்துவம்னு போட்டேன். அதப் படிச்ச அப்பா, "இந்த வார்த்தையே வெள்ளைக்காரன் குடும்பத்தப் பிரிக்க கொண்டாந்தது, தமிழ்ல இதுக்கு வார்த்தை கெடையாது, ஏன்னா நமக்கு அந்த நெனப்பே கெடையாது"ன்னுட்டார். வாக்குவாதமாகி ரெண்டு நாளா பேசிக்கல. ஒரு வீடியோல ஒருத்தர், இன்டிவிஜுவல்னா 'பிரிக்க முடியாதது'ங்கறதுதான் உண்மையான அர்த்தம், இப்ப எல்லாரும் தப்பா சொல்றாங்கங்கறார். எது சரி? தமிழ்ல என்ன போடலாம்? அடுத்த வாரம் பிரதிய குடுக்கணும். என் பேர் வேண்டாம்.

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்க கடிதம் வந்தப்ப என் மேஜை மேல 17ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ் கவிஞர் மில்டனோட பேரடைஸ் லாஸ்ட் காவியம் விரிச்சுக் கெடந்துது. ஒரு வாரமா அதுல ஒரே ஒரு வார்த்தையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், நீங்க கேட்ட அதே வார்த்தை. அதனாலதான் மத்த கடிதங்கள ஒதுக்கிட்டு உங்களுக்கு மொதல்ல எழுதறேன்.

நாலாவது காண்டம். ஏவாள் கண்ணு முழிச்சதும் ஏரித் தண்ணில தன் முகத்தையே பாத்து சொக்கிப்போயி நிக்கிறா. அப்புறம் ஒரு குரல் அவள ஆதாம்கிட்ட கூட்டிட்டு வருது. அவனப் பாத்ததும், தண்ணில தெரிஞ்ச முகம் அளவுக்கு இவன் அழகா இல்லயேன்னு தோணி திரும்பி நடக்க ஆரம்பிச்சுடறா. ஆதாம் பின்னாலயே கூப்பிடறான். திரும்பி வா, யார விட்டு ஓடறே, என் நெஞ்சுக்குப் பக்கத்துலேர்ந்து எடுத்துல்ல உனக்கு உயிர் குடுத்தேன், இனிமே நீ என் பக்கத்துலயே இருக்கணும்னு சொல்லி, அவள ஒரு 'இன்டிவிஜுவல்' ஆறுதல்ங்கறான்.

காலேஜ்ல அந்த வரிக்குப் பக்கத்துல நான் பென்சில்ல 'தனிப்பட்ட'ன்னு அர்த்தம் எழுதி வச்சிருந்தேன். வாத்தியார் பெஞ்ச் பெஞ்சா வந்தவர் என் புத்தகத்தக் குனிஞ்சு பாத்தார். பேனாவ எடுத்து அது மேல செவப்பு மையில கோடு இழுத்துட்டு, "அவ ஓடறா, அவன் என் உயிர்ல பாதி நீன்னு கெஞ்சறான், அங்க வந்து தனிப்பட்டங்கறியேடா"ன்னார். கோபமில்ல, கண்ணு கலங்கினாப்ல இருந்துது. அப்புறம் பாடத்த நிறுத்திட்டு மணி அடிக்கிற வரைக்கும் அந்த ஒரு வார்த்தையப் பத்தியே பேசினார். நாப்பது வருஷமாச்சு, அந்த செவப்புக் கோடு இன்னும் மங்கல, போன வாரமும் தடவிப் பாத்தேன்.

மில்டன் அத அச்சுல கொண்டுவந்த 1667ல அந்த வார்த்தைக்கு 'விட்டு நீங்காத, பிரிக்கவே முடியாத'ன்னுதான் அவர் அர்த்தம் வச்சிருந்தார். கிரேக்கத்துல வெட்ட முடியாததுக்கு அட்டோமோஸ்னு பேரு, அணுவச் சொல்ற 'ஆட்டம்'ங்கற இங்கிலீஷ் வார்த்தை அங்கேர்ந்து வந்ததுதான், அத ரோமானிய அறிஞர் சிசரோ லத்தீனுக்குக் கொண்டாரப்ப இன்டிவிடுவும்னார். அப்படிப் பாத்தா ஆட்டமும் இன்டிவிஜுவலும் கூடப்பொறந்தது. இங்கிலீஷ்ல 15ஆம் நூற்றாண்டுல இத பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூணும் ஒண்ணவிட்டு ஒண்ணு பிரியாததச் சொல்ல வச்சிருந்தாங்க.

இவ்வளவு ஒட்டிக்கிட்டு இருந்த வார்த்தை எப்படி 'தனியா நிக்கிற ஆள்'னு மாறுச்சு? அதுதான் எனக்கு ரொம்ப நாள் புரியாம இருந்துது. வழி தர்க்க சாஸ்திரத்துல இருக்கு. 3ஆம் நூற்றாண்டுல போர்ஃபிரிங்கற தத்துவ அறிஞர் கிரேக்கத்துல எழுதின தர்க்க நூல போயதியஸ்ங்கற ரோமானிய அறிஞர் 6ஆம் நூற்றாண்டுல லத்தீனுக்கு மாத்தினார், அப்புறம் பல நூறு வருஷம் ஐரோப்பாவுல தர்க்கம் படிச்ச பசங்க அதுலதான் ஆரம்பிச்சாங்க. அதுல பொருள்கள வகை வகையா பிரிச்சுக்கிட்டே போவாங்க. நம்ம பக்கம் சொல்றதா இருந்தா, மரம்னு ஒண்ணு, அதப் பிரிச்சா மாமரம், பலாமரம், புளியமரம், மாமரத்தப் பிரிச்சா ஒட்டு, நாட்டுன்னு போயி கடைசியா எங்க வீட்டு கெணத்தடில நிக்கிற அந்த ஒரு மாமரத்துல வந்து முட்டும். மரம்ங்கறத பிரிச்சா கெடைக்கிற புளியும் மரம்தான், மாவும் மரம்தான், ஆனா கெணத்தடி மரத்த ரெண்டா வெட்டினா ரெண்டு கெணத்தடி மரம் வராது, வெறகுதான் வரும். பிரிச்சுக்கிட்டே வந்தது அங்க நின்னுபோகுது, அதனால அதுக்கு இன்டிவிடுவும்னு பேரு வச்சாங்க. அதுக்கு இருக்கற குணங்களெல்லாம் சேந்த அதே சேர்க்கை இன்னொண்ணுகிட்ட இருக்காதுன்னும் போர்ஃபிரி சொல்றார். நீங்க தேடற தனித்தன்மைக்கு வித்து அந்த எடத்துலயே இருக்கு பாருங்க.

ஆனா கவனிங்க, அப்பல்லாம் இன்டிவிஜுவல்னா 'எதுல ஒண்ணு'ன்னு சொல்லியே ஆகணும், மாமரத்துல ஒண்ணு, மனுஷ ஜாதில ஒருத்தர்னு. 17, 18ஆம் நூற்றாண்டுகள்ல அந்த 'எதுல'ங்கறது கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்துபோயி, 'ஒரு இன்டிவிஜுவல்'னு சும்மா சொன்னாலே ஒரு ஆள்னு புரிஞ்சுக்க ஆரம்பிச்சாங்க. வார்த்தை அதேதான், பின்னால நின்ன கூட்டம்தான் காணாமப்போச்சு.

இப்ப வீடியோக்காரர். அவர் சொன்ன வேர் சரி, முடிவு தப்பு, இதுல எனக்கு நெஜமாவே கோபம் வருது, ஏன்னா வேரத் தோண்டி எடுத்து இதுதான் உண்மையான அர்த்தம், நீங்க பேசறதெல்லாம் தப்புன்னு சொல்ற பழக்கம் இப்ப வியாதி மாதிரி பரவுது. வள்ளுவர் கேடில் விழுச்செல்வம் கல்வின்னு சொல்லிட்டு மாடல்ல மற்றை யவைன்னு முடிக்கிறார். அங்க மாடுன்னா செல்வம். அதுக்காக தொழுவத்துல நிக்கிறத மாடுன்னு சொல்றவங்கள தப்புன்னு திருத்துவீங்களா? 1667லயே அந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தமும் பக்கத்துல பக்கத்துல பொழங்கிட்டு இருந்துது, எது உண்மையானதுன்னு யார் சொல்றது? அந்தந்த வரிதான் சொல்லும். நீங்க மொழிபெயர்ப்பாளர்ம்மா, வரியப் பாக்காம வீடியோவப் பாத்துட்டு என்கிட்ட எது சரின்னு கேக்கலாமா? நானும் பென்சில்ல தப்பா எழுதினவன்தான், ஆனா என்னத் திருத்தினவர் அந்த வரிலயே கை வச்சுத் திருத்தினார்.

தமிழ்ல வார்த்தை இல்லன்னா நெனப்பும் இல்லங்கறதுக்குப் பெருசா பதில் வேண்டாம். அப்படிப் பாத்தா, இந்த வார்த்தைய 'தனி ஆள்'ங்கற அர்த்தத்துல இன்னும் சொல்லாத 15ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ்காரனுக்கும் அந்த நெனப்பு இருந்திருக்கக் கூடாது.

ஆனா உங்கப்பாகிட்ட சண்டை போடாதீங்க. அவரோட பயம் சின்னப் பயம் இல்ல. இன்டிவிஜுவலிசம், அதாவது தனிமனித வாதம்ங்கற வார்த்தை மொதல்ல பிரெஞ்சுல 1820கள் வாக்குல வந்துது, அதுவும் பெரும்பாலும் திட்டற வார்த்தையாத்தான். டோக்வில்ங்கற பிரெஞ்சு சிந்தனையாளர் அமெரிக்காவுக்குப் போயிட்டு வந்து எழுதினதோட ரெண்டாவது பாகம் 1840ல வந்துது, அதுல உங்கப்பா சொன்னதத்தான் கவலையோட சொல்றார். முன்னாடி குடியானவன்லேர்ந்து ராஜா வரைக்கும் ஒரே சங்கிலியா கோத்திருந்துது, ஜனநாயகம் அந்தச் சங்கிலிய அறுத்து ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியா போட்டுடுதுங்கறார். அத இங்கிலீஷுக்கு மாத்தின ஹென்றி ரீவ், இந்த வார்த்தை இங்கிலீஷ் காதுக்கு விநோதமாப் படலாம்னு அடிக்குறிப்பே போட்டார். வெள்ளைக்காரனுக்கே அது புதுச் சரக்கு. இதையும் அப்பாகிட்ட சொல்லுங்க, ஜெயிக்கறதுக்காக வேண்டாம், பக்கத்துல உக்காந்து பேச ஒரு விஷயமா சொல்லுங்க. அந்த டோக்வில்லே சங்கிலியோட பழைய காலம் திரும்பி வரணும்னு கேக்கல. 1859ல இங்கிலீஷ் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் சுதந்திரத்தப் பத்தின தன்னோட புத்தகத்துல இன்டிவிஜுவாலிட்டிக்குன்னே ஒரு அத்தியாயம் ஒதுக்கி கொண்டாடினார், உங்க கையேட்டுல வர்றது அனேகமா அந்த அர்த்தம்தான்.

மில்டனுக்கே வரேன், விட முடியல. அவருக்கு 1642ல கல்யாணமாச்சு, கொஞ்ச நாள்லயே அந்தப் பொண்ணு மேரி பொறந்த வீட்டுக்குப் போனவ திரும்பி வரல. 1643ல மில்டன், மனசு ஒத்துப்போகலன்னா விவாகரத்து குடுக்கலாம்னு எழுதி அச்சடிச்சு ஊர் பூரா திட்டு வாங்கினார். 1645ல அவ திரும்பி வந்தா. கொழந்தைங்க பொறந்துது. 1652ல பிரசவத்த ஒட்டி செத்துப்போனா, அதே வருஷம் அவருக்குப் பார்வையும் முழுசா போயிருந்துது. பதினஞ்சு வருஷம் கழிச்சு, கண்ணு தெரியாம, சொல்லச் சொல்ல அடுத்தவங்க எழுதி முடிச்ச அந்தக் காவியத்துலதான் ஓடறவளப் பாத்து திரும்பி வான்னு ஒருத்தன் கூப்பிடறான், பிரிக்க முடியாத ஆறுதலேங்கறான். பிரிய உரிமை வேணும்னு கேட்ட அதே ஆள் எழுதினது. வாத்தியார் அன்னிக்கு இதச் சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுட்டார்.

அந்தச் செவப்புக் கோட்டுக்கு மேல போன வாரம் 'பிரியாத'ன்னு எழுதினேன், அடிச்சேன், 'நீங்காத'ன்னு எழுதினேன். இப்போதைக்கு நீங்காத்துணைன்னு வச்சிருக்கேன்.

உங்க கையேட்டுக்கு ஆளச் சொல்ற எடத்துல தனிமனிதர் போதும், சில எடத்துல வெறும் 'ஒருவர்'னாலே சரியா இருக்கும். குணத்தச் சொல்ற எடத்துல தனித்தன்மைன்னு போடுங்க. தனித்துவம் எனக்குப் பிடிக்கல, விட்டுடுங்க. பிரதிய குடுக்கறதுக்கு முன்னாடி அப்பாவ ஒரு தடவ சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, எங்க இடறுதுன்னு அவர் காதுக்கு உடனே தெரியும்.