புதுப் பூச்சில் பிரைமர் ஏன் உரிகிறது?

வீடும் சுவரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டின் மேல்மாடியைப் புதிதாகக் கட்டினோம். கான்கிரீட் கல் சுவர். வெளிப்பூச்சு டிசம்பர் முதல் வாரத்தில் முடிந்தது. தைப்பூசக் காவடிக்கு உறவினர்கள் வந்து தங்குவார்கள் என்பதால், பூச்சு முடிந்த பன்னிரண்டாம் நாளே பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிக்கோட்) அடிக்கச் சொல்லிவிட்டோம். இடையில் இரண்டு முறை நல்ல மழை பெய்தது. ஜனவரி நடுவில் பார்த்தால் கிழக்குச் சுவரில் பிரைமர் கொப்பளித்து, விரலால் இழுத்தாலே வெங்காயத் தோல் போல உரிந்து வருகிறது. வீதிப்பக்கத்துச் சுவரில் மட்டும் ஓரளவு நிற்கிறது. பூச்சில்தான் குற்றம் என்கிறார் பெயிண்டர். பெயிண்டில்தான் குற்றம் என்கிறார் மேஸ்திரி. யார் சொல்வது சரி? உரிந்த இடங்களை மட்டும் தொட்டுவிட்டு, மேலே இரண்டு கோட் பெயிண்ட் அடித்தால் போதுமா? (வாசகி, ரோஸ்ஹில், மொரீசியஸ்)

பதில்: பெயிண்டரையும் மேஸ்திரியையும் எதிரெதிரே நிறுத்தி விசாரிப்பதற்கு முன்னால், அம்மா, உரிந்து வந்த அந்தத் தோலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டை எடுத்து, அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். சுவரோடு ஒட்டியிருந்த அந்தப் பக்கத்தில்தான் நடந்த கதை முழுவதும் எழுதியிருக்கிறது.

முதுகில் மணலும் சாம்பல் நிறப் பொடியும் அப்பியிருந்தால், பிரைமர் தன் வேலையைச் செய்திருக்கிறது. அது பிடித்துக்கொண்ட பூச்சின் மேற்பரப்புதான் வலுவில்லாமல் கழன்று வந்திருக்கிறது. சிமெண்ட் குறைவான கலவையாலும் இது வரும். ஆனால் நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும், பூசிய சுவருக்குத் தண்ணீர் தெளித்து ஈரம் காக்காமல் வெயிலிலும் காற்றிலும் விட்டுவிட்டதாலேயே வந்திருக்கிறது. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, நீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. அந்த நீர் முதல் சில நாள்களிலேயே ஆவியாகிப் போனால், மேலே உள்ள ஓரிரு மில்லிமீட்டர் பூச்சு வெறும் மணலாகவே நின்றுவிடும். பூச்சுக்கு ஒரு வாரம் ஈரம் காப்பது நல்லது. மூன்று நாளுக்குக் குறைவது எந்தக் காலத்திலும் தவறு.

தோலின் முதுகு சுத்தமாகவும் வழுவழுப்பாகவும் இருந்து, சுவரும் கண்ணாடி போலப் பளபளத்தால், காரணம் வேறு. காய்ச்சிய பாலில் ஏடு படிவது போல, ஈரப் பூச்சை அதிகமாகத் தேய்க்கும்போது நீரும் சிமெண்டின் நுண்துகளும் மேலே வந்து மெல்லிய ஏடாக உறைகின்றன. இந்த ஏட்டுக்குப் பூச்சின் உடம்போடு பிடிப்பும் இல்லை, பிரைமர் ஊறி இறங்கத் துளையும் இல்லை. மணியாசுக் கட்டை எனும் மரப்பலகையால் தேய்த்து, மணல் தெரியும் சொரசொரப்போடு நிறுத்த வேண்டிய வெளிச்சுவரை, இரும்புக் கரண்டியால் மெழுகித் தருவதை நம்மவர்கள் சுத்தமான வேலை என்று பாராட்டுகிறார்கள். அதன் மேல் காய்ந்த சிமெண்டைத் தூவித் தேய்க்கும் வழக்கமும் சிலரிடம் உண்டு. வெளிச்சுவரில் அந்த வழுவழுப்பு அழகல்ல, வியாதி.

இதில் மொரீசியஸுக்கே உரிய ஒரு செய்தியும் இருக்கிறது. பவளத் திட்டுகளுக்கு உட்பட்ட கடற்பரப்பிலிருந்து மணல் அள்ளுவது 2001-இல் தடைசெய்யப்பட்ட பிறகு, நாம் பயன்படுத்துவது பசால்ட் என்ற எரிமலைப் பாறையை நொறுக்கிச் செய்த ராக்சாண்ட். கடலைக் காப்பாற்றிய அந்தத் தடையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நொறுக்கிய மணலில் மாவு போன்ற தூசி கூடுதலாக இருக்கும். தூசி கூடினால் கலவை அதிகத் தண்ணீர் கேட்கும். தண்ணீர் கூடினால் ஏடு தடிக்கும், காயும்போது மயிரிழை வெடிப்புகளும் வரும். உங்கள் மேஸ்திரி மணலைச் சலித்தாரா, கலவைக்கு எவ்வளவு தண்ணீர் விட்டார் என்பதை இப்போது நிரூபிக்க வழியில்லை. ஏடு இருக்கிறதா என்பதை மட்டும் ஒரு நாணயத்தின் விளிம்பால் சுரண்டிப் பார்த்துவிடலாம்.

தோல் உரியும்போது உள்ளே நீர்த்துளி தெரிந்தாலோ, சுவர் ஈரமாகக் கறுத்திருந்தாலோ, பூச்சுக்குள் அடைபட்ட நீர்தான் பிரைமரைத் தள்ளியிருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் கிழக்குச் சுவரில் முதன்மைக் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும். இத்தீவில் ஆண்டின் பெரும்பகுதி காற்று தென்கிழக்கிலிருந்து வீசுகிறது. சாரலைக் கிழக்குச் சுவரும் தெற்குச் சுவரும்தான் வாங்குகின்றன. பன்னிரண்டு நாள் பூச்சு, அதில் இரண்டு மழை, அதன் மேல் பிரைமர் என்றால், வெயில் ஏறியதும் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியே வர முயலும். வழி இல்லாத இடத்தில் கொப்பளமாக எழும்பும். ஒரே பெயிண்டர், ஒரே டப்பா, ஒரே நாள் வேலை, ஆனால் ஒரு சுவர் உரிகிறது, இன்னொன்று நிற்கிறது என்றால், டப்பாவின் மேல் பழிபோடுவது கடினம்.

கடைசியாக, தோல் மெத்தென்று பிசுபிசுத்து, நகம் பட்டாலே நசுங்கினால், அடித்தது எண்ணெய் வகைப் பிரைமரா என்று கேளுங்கள். புதுச் சிமெண்ட் பூச்சில் சுண்ணாம்பு விடுபடுகிறது. அதன் காரத்தன்மை பிஎச் அளவில் 12, 13 வரை போகும். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு ஆகும் என்பது சோப்புக் காய்ச்சிய நம் பாட்டிமாருக்குத் தெரிந்த வேதியியல்தான். அதே வினை சுவரிலும் நடக்கிறது, பிரைமரின் அடிப்பக்கம் சோப்பாகி வழுக்கிவிடுகிறது. மரத்துக்கும் இரும்புக்கும் வாங்கியதில் மீந்த எண்ணெய்ப் பிரைமரைப் புதுச் சுவருக்கு அடித்துத் தீர்ப்பது, மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செய்யும் பெரிய செலவு. புதுப் பூச்சுக்கு, காரத்தைத் தாங்கும் அக்ரிலிக் பிரைமர் என்று டப்பாவிலேயே எழுதியிருப்பதை வாங்க வேண்டும்.

இனி, தொட்டுவிட்டு மேலே அடித்தால் போதுமா என்ற கேள்விக்கு வருகிறேன். போதாது. மேலே ஏறும் ஒவ்வொரு கோட்டும் காயும்போது சுருங்கி, அடியில் இருப்பதை இழுக்கும். பிடிப்பில்லாத பிரைமர் இரண்டு கோட் பெயிண்டையும் சேர்த்துக்கொண்டு விழும். கிழக்குச் சுவரில் கரண்டியால் சுரண்ட வருவதையெல்லாம் சுரண்டி எடுங்கள். நிற்பதாகத் தோன்றும் வீதிச் சுவரிலும் நாலைந்து இடங்களில், கூரிய கத்தியால் பூச்சு வரை இறங்கும்படி பெருக்கல் குறி போலக் கீறி, அதன் மேல் நல்ல ஒட்டுநாடாவை அழுத்தித் தேய்த்துச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். கீறலின் ஓரங்கள் அப்படியே நின்றால் அச்சுவரை விட்டுவிடலாம். நாடாவோடு பட்டை பட்டையாக வந்தால் அதுவும் போக வேண்டியதுதான்.

சுரண்டிய பிறகு ஏடு தெரியும் இடங்களைச் சொரசொரப்பான உப்புத்தாளாலோ கல் தட்டு பூட்டிய கிரைண்டராலோ மணல் தெரியும்வரை தேய்த்து, தூசியைத் துடைப்பதோடு நிற்காமல் நல்ல தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்பவர்கள் உண்டு. வீட்டுச் சுவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன், மீதம் தங்கும் ஆசிட் அடுத்த தொல்லைக்கு விதை. கழுவிக் காய்ந்த பின் உள்ளங்கையால் சுவரைத் தடவுங்கள். இலேசாகப் பொடி ஒட்டினால், ஊடுருவி இறுக்கும் வகைப் பிரைமரை முதலில் ஒரு கோட் கொடுக்கலாம். அது சுவருக்குள் இறங்க வேண்டும், மேலே மினுமினுப்பாகத் தங்கினால் அளவு மீறிவிட்டது என்று பொருள். ஆணியால் கீறும்போது மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மணல் கொட்டினாலோ, தட்டும்போது பொள்ளென்று ஒலித்தாலோ, எந்தப் பிரைமரும் அதைக் காப்பாற்றாது. அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும்.

எப்போது மறுபடி அடிப்பது என்றால், மழைக்காலம் தணிந்த பிறகு. இங்கே ஆண்டிலேயே மழை மிகக் குறைந்த மாதம் அக்டோபர். ஆகஸ்டில் பூசி அக்டோபரில் பெயிண்ட் அடித்தால், தீபாவளிக்கும் வீடு தயார், காவடிக்கும் தயார். நம் மக்களோ நவம்பரில் பூசத் தொடங்கி, மழையோடு போட்டி போட்டுக்கொண்டு தைப்பூசத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். இவ்வாண்டு வெறும் பூச்சுச் சுவரோடு வாசலில் மாவிலைத் தோரணம் கட்டிக்கொள்ளுங்கள். வரும் உறவினர் எவரும் சுவரைத் தடவிப் பார்க்கப் போவதில்லை.

பழி யாருக்கு என்று கேட்டிருந்தீர்கள். தோலின் முதுகில் மணல் இருந்தால் மேஸ்திரிக்கு. எண்ணெய்ப் பிரைமராக இருந்தால் பெயிண்டருக்கு. நீர் இருந்தால், மன்னிக்கவும், பன்னிரண்டாம் நாள் அடிக்கச் சொன்னவருக்கு. ஆனாலும் வேலை தெரிந்த பெயிண்டர் அன்று மறுத்திருக்க வேண்டும்.

கேள்வி: பூச்சு முடிந்து 28 நாள் காத்திருந்தோம். ஆனாலும் தெற்குச் சுவர் திட்டுத் திட்டாகக் கறுத்தே இருக்கிறது. கணக்கு முடிந்துவிட்டதால் பிரைமர் அடிக்கலாமா? (வாசகர், கியூர்பிப்)

பதில்: 28 நாள் என்பது சிமெண்ட் தன் வலுவின் பெரும்பகுதியை அடையும் கணக்கு. சுவர் காய்வதற்கு நாள்காட்டி தெரியாது. உங்கள் ஊர் மேட்டுநிலத்தில் மூடுபனியும் தூறலும் சேர்ந்த இடம். போர்ட் லூயிசில் மூன்று வாரத்தில் காயும் பூச்சு அங்கே இரண்டு மாதம் எடுத்துக்கொண்டாலும் நான் வியக்க மாட்டேன். மேலும் நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால், குளிர்மாதங்களில் சூரியன் வடக்கே சாய்ந்து செல்கிறது. தெற்குச் சுவருக்கு அப்போது நேர்வெயிலே கிடையாது. இந்தியாவில் அச்சான கையேடுகளில் வடக்குச் சுவர் தாமதமாகக் காயும் என்று எழுதியிருப்பதை இங்கே திருப்பிப் படிக்க வேண்டும்.

45 சென்டிமீட்டர் சதுரத்தில் தெளிவான பிளாஸ்டிக் தாளை வெட்டி, கறுத்த இடத்தின் மேல் வைத்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். 16 மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டு எடுக்கும்போது, தாளின் உட்புறம் வியர்த்திருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ இன்னும் நேரம் ஆகவில்லை. எவ்வளவு காத்தும் ஒரே இடம் மட்டும் கறுத்திருந்தால் பூச்சை விட்டுவிட்டு மேலே பாருங்கள். தட்டைக் கூரையின் கைப்பிடிச் சுவர் உச்சியிலோ, மழைநீர்க் குழாய் இணைப்பிலோ நீர் இறங்கிக்கொண்டிருக்கும்.

கேள்வி: பிரைமரோடு வெள்ளைப் பசையைக் கலந்து அடித்தால் பிடிப்புக் கூடும் என்று சொல்கிறார்களே? (வாசகர், திரியோலே)

பதில்: கூடாது. மரவேலைக்கு வாங்கும் அந்தப் பசை ஈரம் பட்டால் மறுபடி இளகும். புதுப் பூச்சின் காரத்தாலும் சிதையும். வெளிச்சுவரில் அதற்கு இடமே இல்லை.

கேள்வி: கடலோரத்தில் 1980-களில் கட்டிய வீடு. பழைய பெயிண்டைச் சுரண்டி, சில இடங்களில் புதிதாகப் பூசினோம். புதுப் பூச்சின் ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்து, பிரைமரைத் தள்ளுகிறது. கழுவினால் போய்விடுகிறது, ஒரு வாரத்தில் மீண்டும் வருகிறது. (வாசகி, மாயேபூர்)

பதில்: அந்தக் காலத்துப் பூச்சில் கடல் மணல் இருந்திருக்கக்கூடும், அதற்குள் உப்பும் இருக்கும். புதுப் பூச்சின் ஈரம் அந்த உப்பைக் கரைத்து வெளியே இழுத்து வருகிறது. நீங்கள் கழுவும்போது கரைந்த உப்பில் ஒரு பகுதி திரும்பவும் சுவருக்குள் போய்விடுகிறது, அதனால்தான் அது திரும்பி வருகிறது. பூத்திருக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி, கீழே கூட்டி அள்ளி அப்புறப்படுத்துங்கள். பூப்பது குறைந்து நிற்கும்வரை சில வாரம் இதைத் திரும்பச் செய்த பிறகே பிரைமர். அடிப்பதற்கு முந்தைய நாள் மட்டும், கடற்காற்று படியவைத்த உப்பு போக, அதிக ஈரம் ஊறாமல் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்டால் போதும்.