ஹைட்ராலிக் ஸ்டியரிங் உள்ள 38 அடிப் படகு: மானிட்டரா, ஹைட்ரோவேனா?

இரண்டும் ஆள் பிடிக்காமலே, காற்றைக் கொண்டு பாய்மரப் படகைத் திசைமாறாமல் செலுத்தும் கருவிகள். ஹைட்ராலிக் ஸ்டியரிங் (எண்ணெய் அழுத்தத்தால் சுக்கானைத் திருப்பும் அமைப்பு) என்றால் ஹைட்ரோவேன்தான்.

மானிட்டர், ஏரீஸ் எல்லாம் நீரில் தொங்கும் துடுப்பின் விசையைக் கயிறு வழியாகச் சக்கரத்துக்குக் கொடுத்து, படகின் சுக்கானையே திருப்புபவை. ஹைட்ராலிக் சக்கரத்தைப் பல சுற்று சுற்ற வேண்டும். அவ்வளவு நீளக் கயிற்றைத் துடுப்பு இழுக்காது. எண்ணெய்க் கசிவால் சக்கரம் நழுவவும் செய்யும். சக்கரத்துக்குப் பதில் டில்லர் (சுக்கானை நேரடியாகத் திருப்பும் கைப்பிடி) உள்ள படகென்றால் நானே மானிட்டரைச் சொல்லியிருப்பேன். ஹைட்ரோவேனுக்குச் சொந்தச் சுக்கான் உண்டு; அதனால் சக்கரத்தைத் திருப்ப வேண்டியதில்லை.

வாங்குமுன், 15 நாட் காற்றில் பாய்களைச் சரிசெய்து, சக்கரத்தை நடுவில் பூட்டிப் பாருங்கள். படகு சட்டென்று காற்றை நோக்கித் திரும்பினால் பெரிய பாயில் ஒரு ரீஃப் போடுங்கள், அதாவது பாயின் பரப்பைக் குறையுங்கள். சமநிலையில்லாத படகை அந்தச் சின்னச் சுக்கான் பிடித்து நிறுத்தாது.

பின்புறம் டிங்கி (சிறு துணைப் படகு) தொங்குகிறதா? கருவியும் அங்கேதான் வரும். அப்படியானால் முதலில் இடத்தை அளந்துவிடுங்கள்.