சிலம்பம் பழகும் பிள்ளைக்கு முதல் வாள் எது?

கடலோர ஊரான மண்டபத்தில் சிலம்பம் பழகிவரும் உங்கள் பன்னிரண்டு வயது மகள் வாள்வீச்சில் சேரும்போது ஃபாயில், எப்பே, சேபர் ஆகிய மூன்றில் எதை முதலில் எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சென்றுவரக்கூடிய தொலைவில் எந்த வாளுக்குப் பயிற்றுநர் இருக்கிறாரோ அதையே எடுக்கலாம். கால் நகர்வின் அடிப்படை மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் பின்னர் மாறுவது கடினமன்று.

தேர்வுக்கு இடமிருந்தால் நான் ஃபாயிலையே சொல்வேன். 500 கிராமுக்கு உட்பட்ட அந்த வாளின் நுனியால், கைகால்களையும் தலையையும் தவிர்த்து உடற்பகுதியில் குத்தினால்தான் புள்ளி என்பதாலும், இருவரும் ஒருசேரக் குத்தினால் தாக்கும் உரிமை (முதலில் தாக்கத் தொடங்கியவருக்கோ, அதைத் தட்டிவிட்டவருக்கோ கிடைக்கும் முன்னுரிமை) யாரிடம் இருந்தது என்று நடுவர் பார்ப்பதாலும், எதிராளியின் வாளைத் தட்டிவிட்டுத் திருப்பிக் குத்தும் ஒழுங்கு கையில் படிந்துவிடும். எப்பே 770 கிராம் வரை இருக்கும். முழு உடலும் இலக்கு, உரிமை விதி கிடையாது, இலக்கில் பட்டதைக் கருவிக்கு உணர்த்தும் மின்கடத்தும் மேலங்கியும் வேண்டாம் என்பதால் அந்தச் செலவு மிச்சம்.

வெட்டவும் செய்யும் சேபர்தான் சிலம்பக்காரப் பிள்ளையை ஈர்க்கும். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் பவானி தேவி ஆடியதும் அதுவே. ஆனால் கம்பைச் சுழற்றும் அகன்ற வீச்சை மறந்து, விரலாலும் மணிக்கட்டாலும் சிறிதாக வெட்டப் பழக வேண்டியிருக்கும்.

எந்த வாளாயினும் நம் உப்புக்காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். வியர்வை ஊறிய கையுறையோடு ஒரே பையில் திணிக்காமல், உலர்ந்த துணியால் துடைத்து, அலகில் மட்டும் மெல்லிய எண்ணெய் தடவி வையுங்கள்.