ஆஸ்பத்திரியில் துணைக்கு நிக்கிறவங்க கேட்டவை

பாளையங்கோட்டையில 31 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா வேலை பார்த்து ஓய்வு வாங்கினவ நான். என் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில 24 நாள் கிடந்தாங்க. கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் நின்னவ சொல்லுற பதில்னு எடுத்துக்கோங்க.

கேள்வி (வீரவநல்லூர்): அவியளுக்கு மூணு நாளா காய்ச்சல் விடல. சிஸ்டர்கிட்ட கேட்டா டாக்டர்கிட்ட கேளுங்கன்னு சொல்லுதாவ. டாக்டர் வரும்போது என்னைய வெளிய அனுப்பிருதாவ.

தங்கச்சி, வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் யாருன்னு விசாரிச்சு, "ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் டாக்டர்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசணும்"னு காலையிலேயே சொல்லி வைங்க. "எப்படி இருக்காங்க"ன்னு கேட்டா "பரவாயில்ல"ன்னுதான் பதில் வரும். காய்ச்சலுக்குக் காரணம் தெரிஞ்சுதா, என்ன கிருமின்னு கண்டுபிடிக்க ரத்தமும் மூத்திரமும் கல்ச்சர் டெஸ்ட்டுக்குப் போச்சா, கையில இருக்கிற ஊசிக்குழாய் என்னைக்குக் குத்தினதுன்னு கேளுங்க. ஒரு 40 பக்க நோட்டுல தேதி, மணி, யார் என்ன சொன்னாங்கன்னு அப்பப்ப எழுதுங்க.

காய்ச்சலோட மூச்சு வாங்குனாலோ, பேச்சு தடுமாறுனாலோ, மூத்திரம் குறைஞ்சாலோ ரவுண்ட்ஸ் வரட்டும்னு இருக்காதீங்க. ரத்தத்துல கிருமி பரவுற அறிகுறியா இருக்கலாம். நடுராத்திரியா இருந்தாலும் டூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்க.

கேள்வி (கல்லிடைக்குறிச்சி): என் மனைவிக்கு இடுப்புக்குக் கீழ உணர்வு இல்ல. முதுகுக்கடியில தோல் நிறம் மாறியிருக்கு. "படுத்தே இருந்தா அப்படித்தான்"னு சொல்றாங்க. அப்படியா?

அப்படி விட்டுரக் கூடாது அண்ணாச்சி. விரலால அழுத்தி எடுத்தா அந்த இடம் வெளுக்கணும். வெளுக்கலன்னா படுக்கைப்புண் ஆரம்பிச்சாச்சு. கறுத்த தோல்ல நிறம் சரியாத் தெரியாது, புறங்கையால தொட்டுப் பாருங்க, சூடாவோ கெட்டியாவோ இருக்கும். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. ரெண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும், குதிகால் மெத்தையில படாம தலையணை வைக்கணும். காற்று மெத்தை போடச் சொல்லுங்க, அது வந்தாலும் புரட்டுறதை நிறுத்தக் கூடாது.

என் வீட்டுக்காரருக்கு ஒன்பதாம் நாள் வேட்டி மாத்தும்போதுதான் பார்த்தேன். வால் எலும்பு மேல ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் உரிஞ்சிருந்தது, விரிப்புல மஞ்சளா ஈரம். எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் குடுத்த வேலை இது. அங்க இருக்கிற நர்ஸ் பிள்ளைகளைக் குறை சொன்ன மாதிரி ஆயிருமேன்னு ரெண்டு நாள் வாயைத் திறக்கல. அந்தப் புண் ஆற நாலு மாசம் ஆச்சு. அந்த ரெண்டு நாளுக்கு நான் இன்னும் வருத்தப்படுதேன்.

கேள்வி (நாங்குநேரி): கேஸ் ஷீட் (சிகிச்சை விவரம் எழுதி வைக்கிற தாள்) நகல் கேட்டா தரமாட்டேங்காங்க.

வாயால கேக்காதீங்க. நோயாளி கையெழுத்தோட, முடியலன்னா உங்க கையெழுத்தோட, மனு எழுதிக் குடுத்து உங்க நகல்ல சீலும் தேதியும் வாங்கிக்கோங்க. இந்திய மருத்துவக் கவுன்சிலோட 2002-ஆம் வருஷ விதிப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள்ள தரணும்.

கேள்வி (மேலப்பாளையம்): ஆபரேஷனுக்கு அப்புறம் கவனிக்காம விட்டதாலதான் என் வீட்டுக்காரருக்கு இந்த நிலைமை. எங்க புகார் குடுக்க?

மனசு கொதிக்கிறது புரியுது. ஆனா நல்லாக் கவனிச்சும் சில உடம்பு மோசமாகும்மா, அதை நான் நிறையப் பார்த்திருக்கேன். அதனால முதல்ல ஆவணங்களை வாங்கி, அந்த ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லாத டாக்டர் ஒருத்தர்கிட்ட காட்டி அபிப்பிராயம் கேளுங்க. தப்புன்னு அவரும் சொன்னா, டாக்டர் மேல தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில்ல புகார் குடுக்கலாம், ஆஸ்பத்திரி மேல மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர்கிட்ட. நஷ்டஈட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். யார்கிட்டயும் காசு வாங்காத அரசு ஆஸ்பத்திரி அந்த ஆணையத்துல வராது. அதுக்கு டீன்கிட்ட மனு, இல்லன்னா திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்.

தம்பிமாரைத் திரட்டிட்டுப் போய் கண்ணாடியை உடைக்க மட்டும் விடாதீங்க. ஆஸ்பத்திரிகளைத் தாக்குறதைத் தடுக்கிற தமிழ்நாட்டோட 2008-ஆம் வருஷச் சட்டப்படி அது ஜாமீன்ல வர முடியாத குற்றம்.

கேள்வி (அம்பை): முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தும் பணம் கட்டச் சொல்றாங்க.

1800 425 3993-க்குப் போன் பண்ணுங்க. கட்டியிருந்தா ரசீதை விட்டுராதீங்க.

கேள்வி (மூலைக்கரைப்பட்டி): பத்து நாளா வராண்டாவுலதான் படுக்கேன் அக்கா. நேத்து அவிய தண்ணி கேட்டதுக்கு எரிஞ்சு விழுந்துட்டேன். நெனச்சு நெனச்சு அழுகையா வருது.

தூக்கமில்லாத உடம்பு பேசுன பேச்சு தாயி அது. நானும் பேசியிருக்கேன். "எதுன்னாலும் சொல்லு"ன்னு சொல்லிட்டுப் போற சொந்தக்காரங்ககிட்ட கிழமையும் நேரமும் சொல்லிக் கேளுங்க. நான் எங்க மதினிகிட்ட "புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வந்து விடியுற வரைக்கும் இருங்க"ன்னு கேட்டேன். வந்தாங்க. என் கையில இருந்த நோட்டை வாங்கி, "மாத்திரை நேரத்தை மட்டும் காட்டிட்டு நீ கெளம்பு"ன்னாங்க. அன்னைக்குத்தான் வீட்டுல தலைக்கு ஊத்திட்டு ஆறு மணி நேரம் தூங்குனேன்.

உங்களுக்கும் அப்படி ஒரு மதினி இருப்பாங்க, இப்பவே போன் போடுங்க. அப்புறம் அவியளுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்து, "அசதியில பேசிட்டேன்"னு சொல்லுங்க.