கெடு வைக்காதீர்கள்

வணக்கம். என் தம்பிக்கு 26 வயது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் இருந்தது. எட்டு மாதமாக மருத்துவர் தரும் புப்ரெனார்ஃபின் மாத்திரையை நாக்கடியில் வைத்துக்கொள்கிறான். ஊசியைத் தொடவில்லை, வேலைக்குப் போகிறான். ஆனால் அம்மா, ‘ஒரு போதையை விட்டுட்டு இன்னொண்ணைப் பிடிச்சிருக்கான்’ என்கிறார். ஆடி முடிந்ததும் கோயிலில் கயிறு கட்டி, அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட வேண்டுமாம். எனக்கும் அது சரியென்றே படுகிறது. வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். பெண் வீட்டில் இதையெல்லாம் சொல்ல வேண்டுமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

கொஞ்ச நாளாகவே இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. ‘ஊசியைத் தொடவில்லை, வேலைக்குப் போகிறான்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போகிறீர்களே, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் வீட்டில் யாராவது அவனிடம் ஒரு தடவை சொன்னீர்களா?

கயிறு கட்டட்டும், அம்மாவுக்கு ஆறுதல் என்றால் நல்லதுதான். ஆனால் அன்றோடு மாத்திரையை நிறுத்துவது என்று முடிவு செய்ய நீங்கள் யார்?

தொண்ணூறுகளில் வடசென்னையில் எனக்கு ஒரு நண்பன் இருந்தான். பிரவுன் சுகர், அதாவது கலப்பட ஹெராயின். வீட்டில் ஒரு மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், அங்கே மருந்து என்ற பேச்சே கிடையாது, எல்லாம் மன உறுதிதான். உடம்பு தேறி வந்தான். தெருவே சந்தோஷப்பட்டது, அவன் அம்மா மொட்டை போட்டுக்கொண்டார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏக்கம் வந்து பழைய அளவையே எடுத்தான், இடைவெளி விட்ட உடம்புக்கு அந்த அளவைத் தாங்கும் சக்தி போயிருந்தது, தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிட்டது. சாவு வீட்டிலேயே ‘அவனுக்கு வைராக்கியம் பத்தலை’ என்று பேசினார்கள். அந்தப் பேச்சை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உங்கள் கடிதத்திலும் அதே பேச்சுதான் கேட்கிறது, அதனால்தான் கோபம் வருகிறது.

2003இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்வீடனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஹெராயினுக்கு அடிமையான 40 பேர். 20 பேருக்கு ஒரு வருடம் முழுக்க புப்ரெனார்ஃபின் கொடுத்தார்கள். மற்ற 20 பேருக்கு அதையே ஆறு நாளில் குறைத்து நிறுத்திவிட்டு வெற்று மாத்திரை. ஆலோசனை, குழுக் கூட்டம் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். வருடக் கடைசியில் மருந்து எடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சிகிச்சையில் இருந்தார்கள். மற்றவர்களில் ஒருவர்கூட இல்லை. அவர்களில் நான்கு பேர் செத்துப்போயிருந்தார்கள். ஆறு நாள் என்று கெடு வைத்ததற்கு நான்கு உயிர், எஸ். உங்கள் அம்மா வைப்பது ஒரே நாள் கெடு.

புப்ரெனார்ஃபினும் ஓபியாய்டுதானே, ஹெராயின் மாதிரி அபின் வகைதானே என்பீர்கள். ஆமாம். மூளையில் ஹெராயின் போய் ஒட்டும் அதே இடத்தில்தான் இதுவும் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது, ஆனால் ஓரளவுக்கே தூண்டுகிறது, ஓர் எல்லைக்கு மேல் அளவைக் கூட்டினாலும் கிறக்கம் ஏறுவதில்லை. கால் உளைச்சல், மூக்கொழுகல், அந்த ஏக்கம் எல்லாம் அடங்குகிறது, மனிதன் எழுந்து வேலைக்குப் போகிறான். அம்மாவின் பயத்தை நான் அப்படியே தள்ளவில்லை. அந்தக் காலச் சென்னையில் புப்ரெனார்ஃபின் ஊசியையே போதைக்குப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. இப்போது மாத்திரையில் நலாக்சோன் என்ற, ஓபியாய்டின் வேலையை முறிக்கும் மருந்தைச் சேர்ப்பது அதற்காகத்தான். நாக்கடியில் கரைந்தால் அது பேசாமல் கிடக்கும், கரைத்து ஊசியில் ஏற்றினால் உடம்பை முறுக்கி எடுத்துவிடலாம். நீங்கள் பயப்பட வேண்டியது இதோடு மதுவோ தூக்க மாத்திரையோ சேர்வதற்கு. மூச்சுக்கு ஆபத்து அங்கேதான்.

எப்போது குறைப்பது, குறைக்கத்தான் வேண்டுமா என்பதை அவனும் மருத்துவரும் பேசிக்கொள்வார்கள். வருடக்கணக்கில் ஆனால் ஆகட்டும். காலையில் அவன் வாயைத் திறக்காமல் மாத்திரை கரையும்வரை உட்கார்ந்திருக்கும் அந்தப் பத்து நிமிடம் யாரும் அவனைத் திட்டாமல் இருங்கள், அது போதும்.

பெண் வீடா? சொல்லத்தான் வேண்டும், மறைத்துக் கல்யாணம் பண்ணாதீர்கள். அந்தப் பெண்ணிடம் அவனே சொல்லட்டும், நீங்கள் நடுவில் போகாதீர்கள்.